பூச்சியம் எடுத்த ராத்தா

என் ராத்தாவுக்கு ஆன்மிக அனுபவத்தில் பூச்சியம். முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி, ஒன்றுகூடத் தேறவில்லை. புள்ளி போட்டது அவளுடைய உடன்பிறந்த தங்கை நான்தான். படிவத்தின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அதே வாரம் கல்முனையில் ஒருவர் முப்பதுக்கும் முழுப்புள்ளி எடுத்தார். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்து, அது படுத்துப்போன பிறகு 'மனவளப் பயிற்சியாளர்' ஆனவர். ஏசி போட்ட அறை, சுவரில் நீர்வீழ்ச்சிப் படம், மேசையில் பேரீச்சம்பழம். நான் கேள்வியை வாசித்து முடிக்க விடமாட்டார்.

"காலமும் இடமும் மறைந்துபோன ஒரு நிலையை..."

"அஞ்சு போடுங்க மிஸ்."

"சொற்களால் விளக்கவே முடியாத ஓர் அனுபவம்..."

"அஞ்சு. அத விளக்கப்படுத்தி நான் வீடியோவே போட்டிரிக்கன். லிங்க் அனுப்பவா?"

எல்லாம் முடிந்து எழும்பும்போது, ஐந்துக்கு மேல் போட இடமில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார். அவருடைய படிவமும் ராத்தாவுடைய படிவமும் ஒரே உறையில் கொழும்புக்குப் போயின. அங்கே இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உளவளத் துணையாளர். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கச்சான் கடலை விற்றவர்களைவிட உளவளத் துணையாளர்கள் அதிகம். அந்த விளைச்சலில் நானும் ஒருத்தி. தொண்டு நிறுவனத்தார் வெள்ளை வாகனங்களில் வந்து இறங்கினார்கள், ஆறு நாள் பயிற்சி தந்தார்கள், சான்றிதழும் தோள்பையும் தந்தார்கள். பிறகு நாங்கள் போய், பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாரை வட்டமாக இருத்தி, கலர் பென்சிலைக் கையில் திணித்து, மனதில் வருவதைக் கீறச் சொன்னோம். ராத்தாவும் ஒருநாள் அந்த வட்டத்தில் இருந்தாள். அவளுடைய மூத்த மகள் ஏழு வயதில் அந்தக் கடலோடு போனவள். ராத்தா ஒரு வாளி கீறினாள். பயிற்சிக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் அந்த வெறும் வாளியைப் பார்த்துக் கண் கலங்கி, "எவ்வளவு ஆழமான வெறுமை" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ராத்தா சொன்னாள்: "எனக்கு வாளி மட்டுந்தான் கீறத் தெரியும் எண்டு சொல்லு."

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேலும் படித்து டிப்ளோமாவும் எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவின் வளவைப் பிரித்து ராத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கிணறு பொது, நடுவில் மதில் கிடையாது. அவள் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டில் பூனை எழும்பும். ராத்தா ஹபாயா அங்கி தைப்பவள். அவுலியா, இறைநேசர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு இரண்டு தரம் வந்தவர்களை மூன்றாம் தரம் வராதபடி கதைத்து அனுப்பும் வாய் அவளுடையது. அவளுடைய புருஷன், என் மச்சானே, அந்த வாய்க்குப் பயந்து மில்லில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் வருவார்.

ஆய்வுக்கு வருகிறேன். நவீன காலத்தில் சாதாரண மக்களுக்கு ஏற்படும் மறைஞான அனுபவங்களை உளவியல் கொண்டு புரிந்துகொள்வதாம். தலைமை தாங்கிய பேராசிரியர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லவேண்டும். கெட்டவர்களால் இவ்வளவு கேடு செய்துவிட முடியாது. மெல்லிய குரல், தமிழும் சரளம், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். பயிற்சி நாளில் திரையில் காட்டிக் காட்டிச் சொன்னார்: இந்த அனுபவம் மூளையில் ஒரு மூலையில் நடக்கும் மின்கோளாறு என்பார்கள் சிலர். பிறக்குமுன் தாயின் வயிற்றில் கிடந்த ஞாபகம் என்பார்கள் சிலர். துக்கம் வேறு உடுப்புப் போட்டு வருகிறது என்பார்கள் சிலர். "நாங்கள் எந்தப் பக்கமும் சாயாமல் வெறுமனே அளக்கப் போகிறோம்" என்றார். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ராத்தா துணி அளப்பதைப்போல.

கேள்விகளைத் தமிழாக்கியவர் எங்கே இருந்தாரோ தெரியாது, மனிதர்கள் கதைப்பதை அவர் கேட்டே இல்லை. 'தன்னிலை கரைந்து அனைத்தோடும் ஒன்றிய பேருணர்வு' என்று ஒரு கேள்வி. இதை இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் வாசிக்க வேண்டும். வாசித்தேன். "மிஸ், இது சமுர்த்திக் காசுக்கா?" என்று கேட்டாள்.

தமிழ்கூடப் பரவாயில்லை. பதினோராம் கேள்வி இது: 'எல்லாம் ஒன்றே என்று உணர்ந்திருக்கிறீர்களா?' படைத்தவனும் படைப்பும் ஒன்றா இரண்டா என்பதில் பள்ளிவாசல்கள் பிரிந்த கரை இது. கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனில் யார் யாரோடு இருப்பது என்பதுகூட அதில் தீர்மானமாகும். 'ஓம், உணர்ந்தேன்' என்று சொன்னால் ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைக்கும். மற்றக் கூட்டம் நாளைக்கு ஜனாஸாவுக்கு, அடக்கத்துக்கு வராது. கொழும்பில் இருந்து வந்த தாளுக்காக எந்தப் பெண் தன் ஜனாஸாவைக் கெடுத்துக்கொள்வாள்?

அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. தனக்கும் படைத்த ரப்புக்கும் நடுவில் உள்ளதை வெளியில் சொல்லிக் காட்டினால் அது ரியா, பகட்டு. சொன்ன மாத்திரத்தில் அதன் நன்மை அழிந்துபோகும். விடிகாலைச் சுபஹுக்கு முன்னால் எழும்பித் தொழுகிற பெண் அதைப் புருஷனிடமும் சொல்லமாட்டாள். முகம் கழுவ எழும்பினேன் என்பாள். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏதாவது கிடைத்தவர்கள் எல்லோரும் 'இல்ல' என்றார்கள். ஒன்றும் கிடைக்காதவர்கள் ஐந்து ஐந்தாக அள்ளினார்கள். படிவம் அளந்தது ஒன்றைத்தான்: யாருக்கு வெட்கம் இல்லை என்பதை.

தம்பிலுவிலில் ஒருவர். மீன்பிடிக்கிறவர், கோயில் சடங்கில் உருவந்து ஆடுகிறவர். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே முப்பது கேள்வியையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆடினது நானில்ல தங்கச்சி. அம்மாள். இதெல்லாம் அவவிட்டத்தான் கேக்கோணும். அந்த நேரம் நான் அங்க இல்லயே." எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று தெரியாமல் 'பொருந்தாது' என்று முப்பது தரம் எழுதினேன். மொத்த ஆய்விலும் அறிவோடு பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருடைய படிவத்தைப் பழுதென்று கழித்துவிட்டார்கள்.

ராத்தாவிடம் எண்ணிக்கையை நிரப்புவதற்காகத்தான் போனேன். தையல் மெசினில் இருந்து எழும்பாமல் முப்பது கேள்விக்கும் 'இல்ல' என்றாள். பதினோராவதில் மட்டும் மிதித்த காலை நிறுத்தி, "நீ இந்த ஊர்ல இரிக்கிற எண்ணம் இல்லியா புள்ள?" என்றாள். மொத்தம் பூச்சியம். கையெழுத்து வைத்தேன்.

ஆனால் அந்தப் பூச்சியம் பொய் என்று எனக்குத் தெரியும். ராத்தாவுக்குப் பிரஷர், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக். ஒரு தரம் நானும் கூடப் போயிருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப்போல நேரத்தோடு வெளிக்கிட்டாள். நீலப் பிளாஸ்டிக் கதிரை வரிசையில், நடுவில், சனத்தோடு சனமாக இருந்தாள். தன் முறை கிட்ட வந்ததும் நம்பர் துண்டைப் பின்னால் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு அவளுடைய துண்டை வாங்கிக்கொண்டாள். மறுபடியும் அப்படியே செய்தாள். அவசரம் பிடித்த என் ராத்தா, பேக்கரியில் பாண் வாங்கும் வரிசையில் முன்னால் நிற்பவனை முறைக்கிற என் ராத்தா! கடைசி ஆளாக மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது முகம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. என்ன ராத்தா என்றேன். "ஒண்டுமில்ல. வா" என்றாள்.

பிறகு பேராசிரியர் போன் எடுத்தார். மனவளப் பயிற்சி எடுத்தவர்கள் கிடைத்துவிட்டார்கள், சடங்கில் ஆடுகிறவர்கள் கிடைத்துவிட்டார்கள். எந்தக் குழுவிலும் சேராத, தேடாமலேயே அனுபவம் வந்த ஒரு சாதாரண ஆள்தான் வேண்டும் என்றார். அப்படி ஒருவரை ஆழமாக நேர்காணல் செய்து கொடுத்தால் கட்டுரையில் என் பெயரும் அவர்களுடைய பெயரோடு வரும் என்றார். ஆறு நாள் பயிற்சிக்காரி என்று என்னை ஓரமாக இருத்திய கம்பஸ்காரர்கள் எல்லோருடைய முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஆள் இருக்கிறார் என்று சொன்னேன்.

ராத்தாவிடம் இருந்ததை எடுப்பதற்கு முதலில் படித்த வித்தையைக் காட்டினேன். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்ள வேண்டும், மௌனத்தை நீளவிட வேண்டும், அவர் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் செய்தேன். "என்னகா, கழுத்துப் புடிச்சிட்டா? எண்ணெய் தேய்க்கவா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் வேறு வழியில் போனேன். எனக்குத் தொழுகையில் மனம் நிற்பதில்லை, ஸுஜூதில் நெற்றி கிடக்கும்போது சமையல் ஞாபகம் வருகிறது, அங்கே யாரும் கேட்பதாகவே தோன்றுவதில்லை என்று சொல்லி அழுதேன். பாதி உண்மைதான் அது. மற்றப் பாதிக்காகத்தான் அழுதேன். ராத்தா மெசினை நிறுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தாள். அவள் சொன்னது எனக்காக. என்னுடைய ஈமான், இறைநம்பிக்கை, கரைந்துபோகிறது என்று பயந்து சொன்னாள்.

"அது முதல்ல வந்த அண்டைக்கு எனக்கு நம்பர் நாப்பத்தேழு. பக்கத்துல ஒரு கிழவி, நெஞ்சுச்சளி, இருமிக்கிட்டே இரிந்தா. முன்னால ஒரு சிங்களப் பொம்புள, கைப்புள்ளயோட. நான் அந்த பேன் சுத்துறத சும்மா பாத்துக்கிட்டு இரிந்தன். அவ்வளவுதான் புள்ள, ஓதவும் இல்ல ஒண்டும் இல்ல. பொறகு... எப்பிடிச் சொல்ற... நான் எண்டு தனியா ஒரு ஆள் அங்க இரிக்கல்ல. அந்தக் கிழவிட இருமல் என்ட நெஞ்சுக்குள்ளால வந்திச்சி, ஆனா நோகல்ல. ஒருத்தரும் வேற ஆள் இல்ல. சந்தோசம் எண்டும் சொல்ல ஏலா. சந்தோசப்படவும் ஒரு ஆள் வேணுமே. நம்பர் கூப்பிட்டிரிக்காங்க, கேக்கல்ல. அம்பத்தெட்டுலதான் திரும்பி வந்தன். நேர்ஸ் நல்லா ஏசினா. அந்த ஏச்சும் நல்லாத்தான் இரிந்திச்சி."

அதற்குப் பிறகும் நாலைந்து தரம் வந்திருக்கிறது என்றாள். வீட்டில் வராது. தொழுகையிலும் வராது, அதுதான் அவளுக்குப் பயம். யாருக்கும் யாரையும் தெரியாத அந்தக் கதிரை வரிசையில் மட்டும்தான்.

"இத ஒருத்தருக்கும் சொல்லிராத. அமானிதம் இது. எனக்கிட்ட வெச்சிரிக்கான், எனக்குரியதில்ல. நீயும் இதத் தேடித் திரியாத. தொழு. மத்தத அவன் பாத்துக்குவான்."

"சொல்ல மாட்டன் ராத்தா" என்றேன்.

அன்று பின்னேரமே முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன். ஒரு சொல் விடாமல், இருமல், பேன், நேர்ஸ் ஏசியது எல்லாம். பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் துரோகம் இல்லை என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

பேராசிரியர் வீடியோ அழைப்பில் வந்தார். அற்புதம் என்று மூன்று தரம் சொன்னார். பிறகு அந்த மெல்லிய குரலில் கேட்டார்: "இவருடைய வாழ்க்கைப் பின்னணி என்ன? இழப்பு ஏதாவது?" சொன்னேன். ஒரு மகள், ஏழு வயது, கடல். "ஆ, அப்படியா!" என்றார். அந்த முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். பூட்டுக்குத் திறப்புக் கிடைத்த மகிழ்ச்சி. எந்தப் பக்கமும் சாயாமல் அளக்கவந்தவர் கால்மணி நேரத்தில் முழுதாகச் சாய்ந்துவிட்டார். கடல் பிரித்ததை மனம் ஒன்றாக்கிப் பார்க்கிறதாம். முன்னால் இருந்த கைப்பிள்ளை மகளின் பதிலியாம். நோகாத அந்த இருமல், தண்ணீரில் மூச்சுமுட்டிய மகளின் வலியைத் தாய் தன் நெஞ்சில் வாங்கி ஆற்றிக்கொள்வதாம். 'நான்' இல்லாமல் போவது, மகள் போன இடத்துக்குத் தாயும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாம்.

எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அழகாகத் தெரிந்ததால் உண்மை என்று நம்பிவிட்டேன். படித்த ஆட்களுக்கு வருகிற நோய் இது, எனக்கும் பிடித்திருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன், ஓரிடத்தில் ஒரு நல்ல சொல்லும் எடுத்துக் கொடுத்தேன். மகளைப் பற்றி ராத்தா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. சொல்லாமல் விட்டதே பெரிய சான்று என்றார். இவர்களிடம் கதைத்தாலும் சான்று, கதைக்காவிட்டாலும் சான்று.

ஆய்வு முடிந்ததும் முடிவுகளை மக்களிடமே திருப்பிச் சேர்ப்பதென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கல்முனையில் ஒரு மண்டபம், புரொஜெக்டர், ரோல்ஸ், தேத்தண்ணி. மனவளப் பயிற்சியாளர் முன்வரிசையில். திரையில் வந்தது: 'பங்கேற்பாளர் பத்தொன்பது. பெண், ஐம்பதுகளில், தையல் தொழில், மாதாந்தக் கிளினிக், சுனாமியில் ஒரு மகளை இழந்தவர்.' கீழே, எல்லாம் மகள்தான் என்ற விளக்கம். அதற்கும் கீழே ராத்தாவின் பேச்சு, அப்படியே. நம்பர் நாப்பத்தேழு. நேர்ஸ் நல்லா ஏசினா.

எங்கள் கரையில் பெயர் யாருக்கு வேண்டும்? பெண்கள் வரிசையில் இருந்தவர்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கித் திரையைப் படம் எடுத்தாள். பயிற்சியாளர் எழும்பி, இந்தச் சகோதரிக்கு விபத்தாகக் கிடைத்ததைத் தன்னுடைய மூன்று நாள் வகுப்பில் முறையாகவே பெறலாம் என்று அறிவித்தார். சிலர் கைதட்டினார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மறுநாள் காலையில் ராத்தா வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்கள், ஓதி ஊதித் தரச்சொல்லி. பின்னேரம் தாடி முளைத்து இரண்டு வருசமாகாத ஒரு மௌலவி வந்து, இது ஷைத்தானின் ஊசலாட்டம் என்று கதவுக்கு வெளியே நின்று அரைமணி நேரம் பயான் பண்ணினார். அடுத்த நாள் எதிர்க்கூட்டம் தட்டில் சந்தனமும் பச்சைச் சால்வையும் கொண்டுவந்தது. மூன்று தரப்புக்கும் ராத்தாவின் மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. ஒருவருக்கு நோய் மாறவேண்டும், ஒருவருக்கு எதிரி தோற்கவேண்டும், ஒருவருக்குத் தங்கள் பக்கம் ஒரு அவுலியா வேண்டும். பேராசிரியருக்கு ஒரு கட்டுரை, எனக்கு அதில் ஒரு பெயர். எங்கள் எல்லோரையும் ஒரே சஹனில் இருத்தலாம்.

வந்தவர்களை ராத்தா வாயாலேயே விரட்டிவிட்டாள். என்னோடு மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. மதில் இல்லாத வளவில், ஒரே கிணற்றில் அள்ளிக்கொண்டு, கதைக்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. நான் வாளியோடு போனால் அவள் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கிளினிக் நாள் வந்தது. வழக்கம்போல நேரத்தோடு போனாள். அவள் உள்ளே வந்ததும் மூன்று பேர் எழும்பிக் கதிரை கொடுத்தார்களாம். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி இருந்தாளாம், மரியாதையாக. ஒருத்தி தன் பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொன்னாளாம். எப்போதும் ஏசுகிற அந்த நேர்ஸ் துண்டைக்கூடப் பார்க்காமல், "நீங்க முதல்ல வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாளாம். பத்து நிமிடத்தில் மருந்தோடு திரும்பி வந்துவிட்டாள். மச்சான் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அன்று அவள் தைக்கவில்லை. மத்தியானத்திலேயே கதவு சாத்திக் கிடந்தது.

கட்டுரை வெளிவந்தது. என் பெயர் ஆசிரியர்களின் வரிசையில் இல்லை. கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், வாகன ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே அளவு நன்றி. அது நியாயம்தான், அவரும் என்னைப்போல ஆட்களை ஏற்றி இறக்கியவர்தான். ஆனால் அவர் யாரிடமும் அழுது காட்டவில்லை.

இதை எழுதட்டுமா என்று பிறகு ஒருநாள் ராத்தாவிடம் கேட்டேன். "இனி என்ன மிச்சம் கிடக்கு மறைக்க? எழுது. ஆனா அந்த ஆக்களப்பத்தி எழுதுற மாதிரியே ஒன்னப்பத்தியும் எழுது" என்றாள். எழுதியிருக்கிறேன்.

அப்படிக் கேட்கும் அளவுக்கு எங்களுக்குள் பேச்சுத் திரும்பியது ஒரு பஸ்ஸில். ராத்தா கிளினிக்கைச் சம்மாந்துறைக்கு மாற்றிக்கொண்டாள். கடிதம் வாங்கி, கிளினிக் கொப்பி மாற்றி, வெயிலில் பஸ் மாறி மாறிப் போய்வந்தாள். இரண்டு தரம் தனியாகப் போனாள். மூன்றாம் தரம் நான் கேட்காமல் ஏறிப் பக்கத்தில் இருந்துவிட்டேன். அவள் எழும்பிப் போகவில்லை. மாவடிப்பள்ளியைத் தாண்டி வயல் தொடங்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொன்னதாலதான் அது போயிட்டா ராத்தா? ரியா எண்டா?"

"போகல்ல" என்றாள். "புது இடத்துல ஒருத்தருக்கும் என்னத் தெரியா. போன மாசம் வந்திச்சி."

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். ராத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அப்போதுதான் பார்த்தாள்.

"முழுக்கக் கேளு. முந்தி அது வந்தா நான் இல்ல. நான் இல்ல எண்டா எனக்கொரு மகள் இரிந்ததும் இல்ல, கடலும் இல்ல. இத்தின வருசத்துல, புள்ள, அந்தக் கொஞ்ச நேரம் மட்டுந்தான் எனக்கு அவட நெனப்பு இல்லாம இரிந்திச்சி. நித்திரையிலயும் வாறவள், அங்க மட்டும் வரமாட்டாள். போன்ல எடுத்த அந்தப் படத்த எனக்கிட்டயும் கொண்டுவந்து காட்டினாங்க. அதுக்குள்ள இரிக்கிறது மகள்தான் எண்டு நீங்க எழுதி வெச்சிரிந்தீங்க. படிச்ச ஆக்கள் எழுதினா சரியாத்தானே இரிக்கும். இப்ப அது தொடங்கின உடன நான் அவளத் தேடுறன். தேடத் தொடங்கினா நான் வந்திர்ரன். நான் வந்தா அது போயிருது."

துக்கத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த பஸ்ஸில் என்னோடுதான் இருந்தது. ஒரு வரியும் உதவவில்லை. அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். அவள் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சம்மாந்துறையில் பஸ் நின்றதும் எழும்பினாள். நானும் எழும்பினேன்.

"நீ இறங்காத" என்றாள். "என்னத் தெரிஞ்ச ஆள் ஒண்டும் அங்க வேணா."